முதுகு மாஸ்டர்

மதுரையில் குரலால் பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மீசையால் பெயர் வாங்கியவர்கள் இன்னும் அதிகம். முதுகால் பெயர் வாங்கியவர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்து அவரை முன்பக்கத்திலிருந்து பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் மூன்று பேர்: அவருடைய மனைவி, அவருடைய தையல்காரர், ஆதார் முகாமில் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண். மூன்றாமவர் இந்நேரம் மறந்திருப்பார்.

அவர் ஓர் ஆர்கெஸ்ட்ராவின் கண்டக்டர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு விழா ஆகியவற்றில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. இந்த மாதிரிக் குழுவில் ஒரு கீபோர்டு இருக்கும். தட்டினால் தபேலாவாகவும் டிரம்ஸாகவும் உடுக்கையாகவும் ஒலிக்கிற ஒரு பேடு இருக்கும். பாட ஓர் ஆண், ஒரு பெண். இவர்களுக்கு எதிரில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, குச்சியை ஆட்டிக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். எங்கள் குழுவில் நின்றார். 'எங்கள்' என்கிறேன், நான் அப்போது ஒரு நாளிதழில் துணை ஆசிரியர், ஓய்வு நாட்களில் அந்தக் குழுவுக்கு அறிவிப்பாளர். மேடையின் இடது ஓரம் என் இடம். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் பக்கவாட்டில் தெரிவார்கள்.

அவருடைய இயற்பெயர் குழுவில் யாருக்கும் தெரியாது. முதுகு மாஸ்டர். அவரே போனை எடுத்தால் "முதுகு மாஸ்டர் பேசுறேன்" என்றுதான் சொல்வார்.

சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை. மாஸ்டர் நேராக நடந்துபோய் "ஒரு டீ" என்றால், "பால் வரணும், அஞ்சு நிமிசம் ஆகும்" என்று பதில் வரும். மாஸ்டர் திரும்பி, ரோட்டைப் பார்த்து நிற்பார்.

"அடடே, மாஸ்டரா! வந்ததும் சொல்லக் கூடாதா? ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுட்டேன், இந்தாங்க!"

பால் அதற்குள் வந்துவிட்டிருக்கும்.

ஆதார் அட்டை கைக்கு வந்த அன்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல நான் எங்கய்யா இருக்கேன்?" என்று என்னிடம் கேட்டார்.

புகழ் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தானே அலங்கரிக்க முடியும். மாஸ்டருடைய கோட்டு நெல்பேட்டை ரகமத்துல்லா பாய் தைத்தது. பின்பக்கம் ஊதா வெல்வெட், அதன்மேல் ஜரிகையில் ஒரு பெரிய வீணை, வீணையைச் சுற்றி மாங்காய் வேலைப்பாடு. முன்பக்கம் சாதாரணக் காடாத் துணி. அதிலும் பொத்தான் இரண்டுதான்.

"முன்னாடி துணி போடுறது வேஸ்ட்டு மாஸ்டர். யாரு பாக்கப் போறா?" என்றாராம் பாய்.

"வாசிக்கிறவங்க பாப்பாங்களே பாய்?"

"அவங்க எங்க பாக்குறாங்க?" என்று பாய் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாராம்.

குழுவின் ஃப்ளெக்ஸ் பேனரில் எல்லோருடைய முகமும் இருக்கும். நடுவில், எல்லோரையும்விடப் பெரிதாக, மாஸ்டருடைய முதுகு இருக்கும். ஒருமுறை வாடிப்பட்டிக் கல்யாண மண்டபம் ஒன்றில், பேனரை யாரோ பின்பக்கம் தெரியும்படி கட்டிவிட்டார்கள் என்று நினைத்த மாப்பிள்ளையின் தாய்மாமன், ஆள் வைத்து அவிழ்த்துத் திருப்பிக் கட்டச் சொன்னார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. "அச்சடிச்சவன் மூஞ்சியை விட்டுட்டானப்பா" என்று அவர் கவலையோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் குச்சி எடுத்த வரலாற்றுக்கு அவரே சொல்லும் வடிவம் ஒன்று உண்டு. இளவயதில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு டி.வி. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா ஒன்றைப் பார்த்தாராம். நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒரே ஒருவர் முதுகைக் காட்டி நின்று கையை ஆட்டுகிறார். அவர் கையை நிறுத்தினால் நூறு பேரும் நிறுத்துகிறார்கள். கடைக்கு வெளியே சத்தம் கேட்காது. ஆகவே மாஸ்டர் அன்று அறிந்த மேல்நாட்டு இசை முழுவதும் கையாட்டம்தான். அவருடைய கலையில் அந்த நாளின் தாக்கம் கடைசிவரை இருந்தது.

வெள்ளைப் பெயின்ட் அடித்த மூங்கில் குச்சி. அதை அவர் உயர்த்துவார், "ஒன், டூ, த்ரீ" என்பார், இறக்குவார். பாட்டு தொடங்கும். தொடங்குவதற்கும் இறக்குவதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்றால், வைகைப் பாலத்துக்கும் வைகைத் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு உண்டு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பாலம் நின்றுகொண்டிருக்கும்.

உண்மையில் பாட்டைத் தொடங்குகிறவன் பாண்டி. பேடு வாசிக்கிறவன். வாசிப்பில் கெட்டிக்காரன், வாயில் அதைவிட. பேடின் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டுக்கூடத் தப்பாமல் வாசிப்பான். அவன் தலையை ஒரு தடவை ஆட்டினால் மற்ற எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். விக்கெட் விழுந்து அவன் தலையை ஆட்டியதில் ஒரு தாலாட்டுப் பாட்டு திடீரென்று தொடங்கியதும் உண்டு. மாஸ்டர் சளைக்காமல் குச்சியோடு அதை எட்டிப் பிடித்துவிட்டார்.

குழு அவருடைய குச்சிக்குக் கட்டுப்பட்டு வாசித்த இடம் ஒன்றே ஒன்று. முனிச்சாலையில் ஒரு மரக்கடையின் மாடியில்தான் எங்கள் ஒத்திகை. கூரை தாழ்வு. குச்சியை ஓங்கும்போதெல்லாம் அது மின்விசிறியில் 'டக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும் என்பதால், விசிறி ஓடும் நாட்களில் தாளம் அபாரமாக இருக்கும்.

"மாஸ்டர், திருவிழாவுக்கும் இந்த ஃபேனை கழட்டிக்கிட்டுப் போயிருவோமா?" என்பான் பாண்டி.

"கிண்டலா மாப்ள? ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குடா. நான் குச்சியை இறக்கலைன்னா ஒருத்தன் வாசிக்கக் கூடாது. உலகம் பூரா அதுதான் ரூல்."

"அதான மாஸ்டர். நீங்க இல்லாம நாங்க ஏது?" என்பான் பாண்டி, போனைப் பார்த்துக்கொண்டே.

அந்த உலக விதியை மாஸ்டர் ஒருமுறை கல்யாண வீட்டில் அமல்படுத்தினார். மேல்நாட்டில் பாட்டு நடக்கும்போது சபையில் யாரும் பேச மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. கோரிப்பாளையத்தில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளையின் நண்பர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாஸ்டர் பாட்டின் நடுவில் சடாரென்று இரண்டு கைகளையும் விரித்தார். பேடுக்குப் பேட்டரி மாற்ற வேண்டிய நேரமாக இருந்ததால் பாண்டியும் நிறுத்தினான். மண்டபம் அமைதியாகட்டும் என்று மாஸ்டர் அசையாமல் காத்திருந்தார்.

கல்யாண மண்டபத்தில் பாட்டு நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: பந்தி போட்டாயிற்று. எண்ணி அரை நிமிடத்தில் மண்டபம் காலி. மாடிப்படியில் நெரிசல். சாப்பாட்டுக் கூடத்தில் இலைகூடப் போடாத மேஜைகளில் ஊரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது. சமையற்காரர் கரண்டியோடு கூச்சல் போட்டார். பெண்ணின் தகப்பனார் வியர்க்க விறுவிறுக்க மேடைக்கு ஓடிவந்தார்.

"ஐயா, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். சாம்பார் கொதிக்கிற வரைக்கும் பாடிக்கிட்டே இருங்கய்யா!"

காலி நாற்காலிகளுக்கு முன்னால் நான்கு பாட்டுகள் நடந்தன. பேச்சுச் சத்தமே இல்லை. "பாத்தீங்களா பேப்பர்காரரே, சபைன்னா இப்பிடி இருக்கணும்" என்று மாஸ்டர் என்னிடம் திருப்தியோடு சொன்னார்.

ஆனால் பந்தி விஷயத்தில் அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுவார்: எங்கள் ஆட்கள் முதல் பந்தியில் சாப்பிடுவார்கள். மேளக்காரர்களும் பாட்டுக்காரர்களும் எல்லோரும் எழுந்தபின் மிச்சத்தைச் சாப்பிடுவது பல மண்டபங்களில் வழக்கம். மாஸ்டர் அதற்கு ஒப்ப மாட்டார். "வயித்துல சோறு இல்லாதவனுக்குத் தாளம் நிக்காதுய்யா" என்பார். தான் மட்டும் கடைசியில் சாப்பிடுவார். பாடகி செல்விக்கு வெந்நீர் பிளாஸ்கில் இருக்கிறதா என்று அவரே திறந்து பார்ப்பார். குச்சியால் நடத்தினாரோ இல்லையோ, குழுவை நடத்தினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொழிலுக்கு ஆபத்து வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் நாங்கள்தான். சுற்றுவட்டாரமே அங்கே வரும். பாட்டைக் கேட்டுவிட்டு அங்கேயே தங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் எங்களுக்கு ஆண்டு முழுவதும் மேடை. அது போனால் குழு போயிற்று.

விழாவுக்கு முன்பு கமிட்டித் தலைவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வருவது வழக்கம். அவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். அந்த ஆண்டும் மரக்கடை மாடிக்கு வந்தார். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. போன வருசம் மாஸ்டர் மூணு மணி நேரம் அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்னாரு. அதுலேருந்து ஒரு சொட்டு மழை இல்ல."

விஷயம் இதுதான். அந்த ஊரில் மேடை கோயிலுக்கு நேர் எதிரே, கருவறையைப் பார்த்தபடி இருக்கும். வாசிக்கிறவர்கள் அம்மனைப் பார்த்து உட்காருவார்கள். அவர்களைப் பார்த்து நிற்கிற மாஸ்டருடைய முதுகு, வெல்வெட்டும் வீணையுமாக, அம்மனுக்கு நேராக இருக்கும்.

பாண்டி பேடிலிருந்து எழுந்தான். "அண்ணே, மேடையைப் பாத்து உக்காந்திருந்த உங்க ஊர்சனம் அம்புட்டும் அம்மனுக்கு முதுகைக் காட்டித்தானே இருந்துச்சு?"

தலைவர் சற்று யோசித்தார். "நாங்க உக்காந்துல்ல இருந்தோம். இவரு நின்னாரு."

"உக்காந்தா முதுகு இல்லையா?"

"தம்பி, எங்க முதுகை ஆத்தா நாங்க பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்குப் பழகிப்போச்சு. இது வெளியூரு முதுகு." தட்டை மடியில் இறக்கினார். "ஒண்ணு, மாஸ்டர் அம்மனைப் பாத்து நிக்கட்டும். இல்ல, மாஸ்டர் இல்லாம நீங்க மட்டும் வாங்க. ரெண்டும் ஆகாதுன்னா திண்டுக்கல்லுல வேற பார்ட்டி இருக்கு."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பி நிக்கிறேன்" என்றார். தட்டு கீழே வந்தது.

மாஸ்டர் கீழே இறங்கிப் போனதும் செல்வி பாட்டு நோட்டை மூடினார். குழுவில் மாஸ்டரோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"அவரால முடியாது" என்றார்.

"திரும்பி நிக்கிறதுல என்னக்கா கஷ்டம்? எல்லாரும் அப்பிடித்தானே நிக்கிறோம்?" என்றான் பாண்டி.

"உனக்குத் தெரியாது. அவரு மொதல்ல பாட வந்தவரு. நல்ல குரலு. திருவாதவூர்ல ஒரு கல்யாணம், நானும் அவரும் ஜோடிப் பாட்டு. மைக்கைப் பிடிச்சாரு, கூட்டத்தைப் பாத்தாரு, அம்புட்டுத்தான். மியூசிக் மூணு தடவை பல்லவிக்கு வந்துட்டுத் திரும்பிப் போச்சு. இவரு வாயே திறக்கல. வேர்த்து ஊத்துது. அப்பிடியே வாத்தியக்காரங்க பக்கம் திரும்பி, நிறுத்துங்கன்னு கையை ஆட்டுனாரு. அவங்க வேகமா வாசிக்கச் சொல்றாருன்னு நெனச்சு வெளுத்துக் கட்டுனாங்க. இவரு இன்னும் ஆட்டுனாரு. அவங்க இன்னும் வாசிச்சாங்க. கூட்டம் விசில் அடிச்சுச்சு. அன்னைக்குத் திரும்புனவருதான்."

டி.வி. கடைக் கதையை நாங்கள் அதற்குப் பிறகு அவரிடம் கேட்கவில்லை.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. ரகமத்துல்லா பாய் பின்பக்க வீணையைப் பிரித்து முன்பக்கத்தில் வைத்துத் தைக்கும் வேலையில் இறங்கினார். "பொத்தான் வீணைக்கு நடுவுல வருது. இன்ஷா அல்லாஹ், தந்தி மாதிரி காட்டிரலாம்" என்றார். ஒத்திகையில் குழு மாஸ்டருக்குப் பின்னால் உட்கார்ந்தது. கூட்டத்துக்குப் பதிலாக எதிரே நானும் பாயும் நாற்காலியில் உட்கார்ந்தோம். மாஸ்டர் எங்களைப் பார்த்துக் குச்சியை உயர்த்தினார். உடனே இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"மாஸ்டர், ரெண்டே பேருதான் இருக்கோம். அதுலயும் எனக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியாது" என்றார் பாய் ஆறுதலாக.

"தெரியிற கண்ணைக் கொஞ்சம் மூடிக்கங்க பாய்."

பாய் மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். அப்படியும் ஒரு பாட்டில் பாதிதான் தேறியது.

மூன்றாம் நாள் மாஸ்டர் ஒரு மொபெட் கண்ணாடியை வாங்கிவந்து மைக் ஸ்டாண்டில் கட்டினார். கூட்டத்தைப் பார்க்காமல் அதில் குழுவைப் பார்த்துக்கொண்டு நடத்துவது திட்டம். பார்த்தார். குச்சி நின்றது.

"டேய் பாண்டி, நீ என்னையப் பாக்கவே இல்லையே?"

பாண்டி போனைக் கவிழ்த்து வைத்தான்.

"கண்ணாடியில எல்லாம் எடம் வலமா மாறித் தெரியும் மாஸ்டர்" என்றான் பாண்டி. மாஸ்டர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் ஒத்திகை முடிந்ததும் குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். கண்ணாடியும் பயன்படவில்லை. கமிட்டித் தலைவர் போனில் கேட்டுவிட்டு, "கண்ணாடிக்கும் முதுகு இருக்குல்ல? அது அம்மனைப் பாத்துல்ல இருக்கும்?" என்று தடுத்துவிட்டார்.

விழா நாள். பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் மாலை ஆறு மணிக்கே தொடக்கம். இரவு மேடையாக இருந்திருந்தால் விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் கண்ணுக்குத் தெரியாது. கோடை காலத்து ஆறு மணி வெயிலில் ஒவ்வொரு முகமும் துல்லியமாகத் தெரிந்தது. முளைப்பாரி எடுத்து வந்த பெண்கள் முன்வரிசையில். பின்னால் டிராக்டர்மேல், தண்ணீர்த் தொட்டிமேல், வேப்ப மரத்துக் கிளைமேல் ஆட்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால், திறந்த கதவுக்குள் அம்மன்.

நான் முதல் பாட்டை அறிவித்தேன். அம்மன் பாட்டு. மாஸ்டர் மேடை முனைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். நெஞ்சில் வீணை மின்னியது. குச்சியை உயர்த்தினார். "ஒன்" என்றார்.

டூ வரவில்லை.

குச்சி உயர்ந்தபடியே நின்றுவிட்டது. கண்கள் விரிந்து, வாய் சற்றே திறந்து, ஊர் எல்லையில் அரிவாள் ஓங்கி நிற்கும் மண் சிலைபோல் நின்றார். நான் நகர்ந்து பார்த்தேன், இமைகூட அசையவில்லை.

பின்னால் பாண்டி வழக்கம்போலத் தலையை ஆட்டினான். கீபோர்டு எடுத்தது. செல்வி பாடினார். இது வேண்டுமென்று செய்ததல்ல, பழக்கம். பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு பிசிறில்லாமல் ஓடியது. அந்தக் குழு அவ்வளவு சுத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை. அவ்வளவு நேரமும் குச்சி ஆகாயத்தில் நின்றது.

முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். "ஆத்தா வந்திருச்சுடி!" என்றார். மாஸ்டர்மேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்பது நொடியில் ஊர்முடிவாயிற்று. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கமிட்டித் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். "தாயி, மழை எப்ப வரும்?" என்று தண்ணீர்த் தொட்டிமேலிருந்து ஒரு குரல் கேட்டது. மாஸ்டரிடம் அதற்குத் தகவல் இல்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. மாஸ்டருடைய முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். கூட்டத்தின் பயம் அதில் இப்போது குறைந்திருந்தது. வேறொன்று வந்திருந்தது. தான் கையசைக்காமலே ஒரு பாட்டு முடிந்துபோனதை அவர் கேட்டிருந்தார். மூங்கில் குச்சி மெல்லத் தணிந்தது.

நான் இரண்டாவது பாட்டை அறிவித்தேன். பாட்டு தொடங்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பாண்டி போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். கீபோர்டுக்காரரும் கையை எடுத்துவிட்டார். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் மாஸ்டருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்யா நிறுத்திட்டீங்க? வாசிங்கய்யா!" என்றார் தலைவர் கீழேயிருந்து.

பாண்டி மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். "குச்சி அசையலண்ணே. மாஸ்டர் அசைக்காம நாங்க எப்பிடி வாசிக்கிறது?"

"மொத பாட்டுக்கு அசைஞ்சுச்சா?"

"அது அம்மன் பாட்டுண்ணே. அதை ஆத்தாளே நடத்திக்கிட்டா. மத்ததுக்கெல்லாம் மாஸ்டர்தான்."

ஊருக்கு இது நியாயமாகப் பட்டது. தலைவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் காத்திருந்தது. வேப்பமரத்திலிருந்து ஒருவன் விசிலடித்தான். பக்கத்துக் கிளைக்காரன் அவனை அதட்டினான். கல்யாண மண்டபங்களில் மாஸ்டர் எத்தனையோ முறை கேட்டுக் கிடைக்காத அமைதி அங்கே தானாக வந்து நின்றது.

செல்விதான் மைக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலிருந்து சொன்னார். "மாஸ்டர், எனக்குத் தொண்டை காயுது. சீக்கிரம்."

மாஸ்டருடைய தோள் அசைந்தது. குச்சி எழுந்தது. "ஒன்" என்றார். "டூ." கண்ணை மூடவில்லை, கூட்டத்தைப் பார்த்தே சொன்னார். "த்ரீ."

குச்சி இறங்கியது. குழு தொடங்கியது.

அது படுமோசமாகத் தொடங்கியது. அத்தனை வருடத்தில் ஒருவருக்கும் குச்சியைப் பார்த்து வாசித்துப் பழக்கமில்லை. பாண்டி முந்தினான், கீபோர்டு பிந்தியது, செல்வி இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஏறினார். மாஸ்டர் திரும்பிப் பார்க்க முடியாமல், கையை மட்டும் பெரிது பெரிதாக வீசி மூவரையும் ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குள் முதல் சரணம் போய்விட்டது. அவர் உண்மையிலேயே நடத்திய முதல் பாட்டு அதுதான். குழு வாசித்ததிலேயே கேவலமான பாட்டும் அதுதான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது பாட்டில் கொஞ்சம் தேறினார்கள்.

ஊர் குழுவைத் தக்கவைத்துக்கொண்டது. இன்றும் அந்தத் திருவிழாவுக்கு அவர்கள்தான். அந்த ஆண்டும் மழை வரவில்லை. அடுத்த முறை பழி ஒலிபெருக்கிக்காரர்மேல் போனது. பாண்டி இப்போதெல்லாம் பேடில் போன் வைப்பதில்லை. போனைவிடப் பெரிய திரையை எதிரே வைத்துக் கிரிக்கெட் காட்ட மண்டபக்காரர்கள் ஆரம்பித்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விழா முடிந்து ஒரு வாரம் கழித்து மாஸ்டர் என் அலுவலக வாசலுக்கு வந்தார். நேராக வந்ததால் காவலாளி உள்ளே விடவில்லை. நான் கீழே இறங்கிப் போனேன். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தணித்தார்.

"பேப்பர்காரரே, நீங்க சைடுல நின்னீங்க. பசங்க பொய் சொல்லுவானுங்க. நீங்க சொல்லுங்க. மொத பாட்டுல என் கை அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது மாஸ்டர்."

"எம்புட்டு?"

நான் ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு இஞ்ச் இடைவெளி காட்டினேன். அவர் அந்த இடைவெளியைக் குனிந்து, தங்கம் நிறுக்கிறவர்போல் பார்த்தார்.

"ஒரு இஞ்ச் போதும்யா" என்றார். "நல்ல குழுன்னா ஒரு இஞ்ச்சுல புரிஞ்சுக்கும்." திரும்பி நடந்தார். காவலாளி உடனே எழுந்து, "அடடே, மாஸ்டரா!" என்றார்.

அவர் பத்திரிகைகளில் ராசிபலன் மட்டும் படிப்பவர். இந்தப் பக்கம் வர மாட்டார். ஆனால் அன்று அந்த ஊரில் இருந்தவர்கள் என்று தெரிந்தால் யாரையும் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்கிறார் என்று கேள்விப்படுகிறேன். உங்களையும் கேட்கக் கூடும். தயவுசெய்து ஒரு இஞ்ச் என்றே சொல்லுங்கள். இரண்டு என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.